அந்தக் கார் பேங்க் கையில எத்தன நிமிஷம் இருந்துச்சு?

கேள்வி இதுதான்: "முஸ்லிம் நாடுகள்ல பேங்க் வட்டி வாங்காதுன்னு சொல்றாங்களே, அப்போ அவங்களுக்கு வருமானம் எங்கருந்து வருது? 'லாபம்'னு பேர மாத்தி வட்டியத்தானே வாங்குறாங்க? எனக்கு துபாய்ல வேல கெடச்சிருக்கு, நான் முஸ்லிம் இல்ல, கார் எடுக்க அந்த மாதிரி பேங்குக்குப் போலாமா?"

கார் விஷயத்த கடைசில சொல்றேன். முதல்ல அந்த "பேர மாத்தி வட்டி தானே". இதக் கேட்ட முதல் ஆள் நீங்க இல்ல. குர்ஆன்ல ரெண்டாவது அத்தியாயம் 275வது வசனத்துலயே "வியாபாரமும் வட்டி மாதிரிதானே"ன்னு சொன்னவங்களப் பத்தி வருது, அதுக்குப் பதிலும் அங்கயே இருக்கு, வியாபாரத்த அல்லாஹ் அனுமதிச்சிருக்கான், வட்டியத் தடுத்திருக்கான்னு. ஆனா வியாபாரம் எங்க முடியுது வட்டி எங்க ஆரம்பிக்குதுன்னு கோடு போடுற வேல ஃபிக்ஹு (இஸ்லாமியச் சட்டம்) அறிஞர்கள் தலையில விழுந்துச்சு, அந்தக் கோட்ட இன்னிக்கு வரைக்கும் அழிச்சு அழிச்சு போட்டுக்கிட்டுதான் இருக்காங்க.

நான் வளைகுடால ஒரு இஸ்லாமிக் பேங்க்ல கார் ஃபைனான்ஸ் பேப்பர் பாக்குற சீட்ல ஏழு வருஷம் உக்காந்திருந்தேன். பெரிய உத்தியோகம்லாம் இல்ல, பேப்பர் வரிசையா இருக்கா, கையெழுத்து இருக்கா, தேதி சரியா இருக்கான்னு பாக்கறது, அவ்ளோதான். ஆனா மொத்த விஷயமும் அந்த வரிசையிலதான் இருக்குன்னு அங்கதான் புரிஞ்சுச்சு.

சாதா பேங்க்ல என்ன பண்ணுவாங்க, 60,000 திர்ஹம் பணம் குடுப்பாங்க, நீங்க காரு வாங்குவீங்க, பணத்துக்கு வட்டி கட்டுவீங்க. பேங்குக்கும் காருக்கும் அடமானத்தத் தவிர உறவு கிடையாது. எங்க பேங்க்ல, நீங்க ஷோரூம் போய் கொட்டேஷன் வாங்கிட்டு வரணும், அதுவும் பேங்க் பேர்ல. அப்புறம் "நீங்க இந்தக் கார வாங்குனா நான் உங்ககிட்டருந்து வாங்கிக்கிறேன்"னு ஒரு வாக்குறுதி பேப்பர்ல கையெழுத்து. அதுக்கப்புறம் பேங்க் ஷோரூமுக்கு ஆர்டர் அனுப்பி கார வாங்கும். வாங்குன பெறகு, கவனிங்க, பெறகுதான், பேங்க் உங்களுக்கு 72,000 திர்ஹம்னு வெல சொல்லி விக்கும், 60 மாசத் தவண, மாசம் 1,200. அசல் வெல என்ன, பேங்க் வைக்குற லாபம் என்னன்னு வெளிப்படையா சொல்லியே ஆகணும். இதுக்குப் பேருதான் முராபஹா. பேங்க் கார வாங்குன நேரத்துக்கும் உங்களுக்கு வித்த நேரத்துக்கும் நடுவுல ஒரு இடைவெளி இருக்கு பாருங்க, அந்த இடைவெளில கார் பேங்கோடது. எரிஞ்சா பேங்க் தலையில விடியும். அந்த ரிஸ்க்க சுமந்ததாலதான் அந்த 12,000 லாபம் ஹலால் ஆகுதுங்கறது அவங்க வாதம்.

சரி, அந்த இடைவெளி எவ்ளோ நேரம்? நான் பாத்த ஃபைல்ல பாதிக்கு மேல ஒரு மணி நேரம்கூட இருக்காது.

ஒரு தடவ மாசக் கடைசி, டார்கெட் முடிக்கற அவசரம், ஒரு சேல்ஸ் பையன் கஸ்டமர்கிட்ட எல்லாப் பேப்பர்லயும் ஒரே மூச்சுல கையெழுத்து வாங்கிட்டான், வித்த ஒப்பந்தத்துல காலைல 10 மணி, பேங்க் ஷோரூம்கிட்ட வாங்குன ஆர்டர்ல மத்தியானம் ரெண்டு மணி. கையில இல்லாத கார வித்தாச்சு. நானும் கவனிக்கல. மூணு மாசம் கழிச்சு ஷரீஆ ஆடிட்ல, அதாவது எல்லாம் இஸ்லாமியச் சட்டப்படி நடந்துச்சான்னு பாக்குற தணிக்கைல மாட்டிக்கிச்சு, அந்த ஃபைல்ல வந்த லாபம் மொத்தமும் தர்மக் கணக்குக்குப் போச்சு, பேங்குக்கு ஒரு திர்ஹம் கெடையாது. கஸ்டமருக்கு அது தெரியவே தெரியாது, அவரு பாட்டுக்கு 1,200 கட்டிக்கிட்டுதான் இருந்தாரு. பேர மட்டும் மாத்துன வட்டின்னா நாலு மணி நேரம் முன்ன பின்ன ஆனதுக்கு எவனாவது 12,000 திர்ஹத்த விடுவானா? அதே சமயம், அந்த நாலு மணி நேரத்துனால கஸ்டமர் வாழ்க்கைல என்ன மாறுச்சு? ஒன்னும் இல்ல. இந்த ரெண்டயும் ஒன்னா சேத்து வச்சுப் பாத்தாதான் இந்தத் தொழில் புரியும்னு நினைக்கிறேன்.

இதுவாவது நெசக் காரு. கையில ரொக்கமா பணம் வேணும், கல்யாணச் செலவு, ஆஸ்பத்திரிச் செலவுன்னு வந்தா பேங்க் எதை வாங்கி எதை விக்கும்? அங்கதான் தவர்ருக் வருது. பேங்க் ஏதோ ஒரு உலோகத்த ரொக்கத்துக்கு வாங்கும், உங்களுக்குக் கடனுக்குக் கூடுதல் வெலைல விக்கும், நீங்க அத உடனே ரொக்கத்துக்கு வித்துடுவீங்க, நீங்க எங்க போய் விப்பீங்க, பேங்கே உங்க சார்பா வித்துக் குடுத்துடும். மலேசியால இதுக்குன்னு 2009ல பங்குச்சந்தை தனியா ஒரு மேடையே போட்டுச்சு, புர்சா சூக் அல்-சிலாஃன்னு பேரு, அங்க கச்சா பாமாயில் முக்கியமான சரக்கு. யாரும் பாமாயில் டின்ன வீட்டுக்குக் கொண்டு போறதில்ல, பாத்ததுகூட இல்ல, ஸ்க்ரீன்ல வாங்கி ஸ்க்ரீன்ல வித்து வேல சட்டுனு முடிஞ்சிரும். அதே 2009ல ஷார்ஜாவுல கூடுன சர்வதேச ஃபிக்ஹு அகாடமி, முன்கூட்டியே ஏற்பாடு பண்ணி நடத்துற இந்த மாதிரி தவர்ருக் கூடாதுன்னு தீர்மானம் போட்டுச்சு. மலேசியாவோட ஷரீஆ கவுன்சில் கூடும்னு சொல்லுது. இதுல உங்க சந்தேகம் நியாயம்தான், எனக்கும் அதே சந்தேகம் உண்டு. பாமாயில் சும்மா வந்துட்டுப் போற மாப்பிள்ளத் தோழன் மாதிரி.

இதெல்லாம் எங்க ஆரம்பிச்சுச்சுன்னு பாத்தா இன்னும் சுவாரஸ்யம், ஏன்னா ஆரம்பிச்சவங்க கடன் குடுக்கறதப் பத்தி யோசிக்கல, சேமிப்பப் பத்திதான் யோசிச்சாங்க. 1959ல மலாயாவுல உங்கு அஸீஸ்னு ஒரு பொருளாதாரப் பேராசிரியர் ஒரு அறிக்க எழுதுனாரு. கிராமத்து மக்கள் ஹஜ்ஜுக்குப் போக வயலயும் மாட்டையும் வித்துட்டுப் போறாங்க, பேங்க்ல போட்டா வட்டிப் பணம் கலந்துடும்னு தலகாணிக்குள்ளயும் பானைக்குள்ளயும் வச்சிருக்காங்க, திரும்பி வந்தா சோத்துக்கு வழியில்ல, இதுக்கு வட்டி இல்லாத ஒரு சேமிப்பு நிதி வேணும்னு. அதுலருந்து 1963ல வேல செய்ய ஆரம்பிச்சதுதான் இன்னிக்கு தாபுங் ஹாஜி. அதே 1963ல எகிப்துல நைல் டெல்டாவுல மித் கம்ர்ங்கற ஊர்ல அஹ்மத் அல்-நஜ்ஜார்னு ஒருத்தரு ஜெர்மனியோட சேமிப்பு வங்கிகளப் பாத்து விவசாயிகளுக்கு ஒரு பேங்க் ஆரம்பிச்சாரு. அதிபர் நாசர் ஆட்சியில மதப் பேர வச்சா கத முடிஞ்சுடும்னு "இஸ்லாமிய"ங்கற வார்த்தயவே போர்டுல போடல. அப்படியும் நாலஞ்சு வருஷத்துல அரசாங்கம் எடுத்துக்கிச்சு. ஒரு கிராமத்து முயற்சி, ஒரு ஹஜ் உண்டியல், இதுதான் வேர்.

அப்புறம் 1973ல எண்ணெய் வெல ஏறுச்சு, கத மாறிப் போச்சு. 1975ல துபாய் இஸ்லாமிக் பேங்க், அதே வருஷம் ஜித்தாவுல இஸ்லாமிய வளர்ச்சி வங்கி வேலைய ஆரம்பிச்சுச்சு, 1977ல குவைத் ஃபைனான்ஸ் ஹவுஸ். அந்தக் காலத்து புஸ்தகங்களப் பாத்தீங்கன்னா எல்லாத்துலயும் முளாரபா, முஷாரகா பத்தித்தான் பேச்சு, அதாவது முளாரபான்னா பேங்க் முதல் போடும், நீ உழைப்பு போடு, முஷாரகான்னா ரெண்டு பேரும் முதல் போடணும், லாபத்த பங்கு போட்டுக்கலாம், நஷ்டம் வந்தா முதல் போட்டவனுக்கு. அழகான யோசன. நடைமுறைல என்ன ஆச்சுன்னா, கடன் வாங்குனவன் ரெண்டு கணக்குப் புஸ்தகம் வச்சு பேங்க்கிட்ட நஷ்டம்னு காட்டிட்டான். நம்ம ஊர்ல பார்ட்னர்ஷிப்ல கட வச்சவங்களுக்கு இத விளக்கவே வேணாம். கைய சுட்டுக்கிட்ட பேங்குங்க எல்லாம் முராபஹா பக்கம் ஓடி வந்துட்டாங்க, வாங்கு, கூட்டி வில்லு, தவணைல வசூல் பண்ணு, முடிஞ்சுது.

"முஸ்லிம் நாடுகள்"னு ஒரே மூச்சுல சொல்லிட்டீங்க, ஆனா நாட்டுக்கு நாடு இது வேற வேற விஷயம். ஈரான்ல 1983ல சட்டம் போட்டு 1984 மார்ச்சுலருந்து நாடு முழுக்க எல்லா பேங்கும் வட்டியில்லா பேங்குதான், சாதா பேங்க்னு ஒன்னு கெடையவே கெடையாது. கேக்க பெருசா இருக்கு, ஆனா டெபாசிட் போட்டா "தற்காலிக லாபம்"னு மாசா மாசம் ஒரு சதவீதம் வரும், வருஷக் கடைசில நெஜ லாபத்த கணக்குப் பாத்து சரி பண்றதா ஏற்பாடு, அந்த சதவீதத்துக்கு உச்சவரம்ப மேல இருக்குற மத்திய வங்கிதான் தீர்மானிக்கும். லாபம்னா வியாபாரத்துல வந்ததப் பொறுத்து கூடணும் கொறையணும், மேலருந்து ஆர்டர் போட்டு வர்ற லாபம் என்ன லாபம்னு ஈரான்லயே ஆயத்துல்லாக்கள் கேக்குறாங்க. ஆனா அங்க ஒரு விஷயம் எனக்குப் பிடிக்கும், கர்ளன் ஹஸனா (வட்டியில்லாக் கடன்) சேமிப்புக் கணக்கு, அதுல பணம் போட்டா ஒரு பைசா கூட வராது, அதுக்குப் பதிலா குலுக்கல்ல பரிசு, காரு வீடுன்னு. வட்டிய வெரட்டி விட்டா பின் வாசல் வழியா லாட்டரி உள்ள வந்துருச்சுன்னு சிரிப்பாங்க.

பாகிஸ்தான் கத இன்னும் நீளம். அப்போ ஆட்சியில இருந்த ராணுவ ஜெனரல் ஜியாவுல் ஹக் 1981 ஜனவரில பேங்குகள்ல லாப-நஷ்டப் பங்கு கவுண்ட்டர்னு தனியா தொறந்தாரு, 1985 ஜூலைலருந்து ரூபா டெபாசிட் எல்லாமே அந்தக் கணக்குன்னு ஆக்கிட்டாரு. கடன் பக்கம் "மார்க்-அப்"னு ஒரு வார்த்த வந்துச்சு. பேங்க் ஒரு பொருளை வாங்குறதும் இல்ல விக்கறதும் இல்ல, ஃபாரத்துல வட்டின்னு இருந்த இடத்துல மார்க்-அப்னு அடிச்சாங்க. நீங்க சொல்ற "பேர மாத்துறது" இதுக்கு நூத்துக்கு நூறு பொருந்தும். இத நான் சொல்லல, அவங்க ஊரு ஷரீஆ நீதிமன்றமே 1991ல சொல்லிச்சு, 1999ல சுப்ரீம் கோர்ட்டோட ஷரீஆ பெஞ்ச் அதையே உறுதி பண்ணுச்சு, அந்த பெஞ்ச்ல முஃப்தி (மார்க்கத் தீர்ப்பு சொல்ற அறிஞர்) தகி உஸ்மானியும் ஒருத்தரு. 2002ல அந்தத் தீர்ப்ப ரத்து பண்ணி திருப்பி கீழ அனுப்பிட்டாங்க, அது இருபது வருஷம் கெடந்து 2022 ஏப்ரல்ல மறுபடியும் வட்டி ஹராம் (தடுக்கப்பட்டது), 2027 டிசம்பருக்குள்ள ஒழிங்கன்னு தீர்ப்பு, 2024 அக்டோபர்ல அரசியல் சட்டத்துலயே 2028 ஜனவரி 1னு தேதி எழுதிட்டாங்க. இதுக்கு நடுவுல கோர்ட்டப் பாத்துக்கிட்டு உக்காராம 2002ல மீஸான் பேங்க்னு முழு இஸ்லாமிய வணிக வங்கி லைசென்ஸ் வாங்கி வளந்துருச்சு, அவங்க கார் இஜாராவுல, அதாவது வாடகை முறைல, கார் உங்க கைக்கு வந்த பெறகுதான் வாடகையே ஆரம்பிக்கும், ஏன்னா கார் பேங்கோடது, நீங்க வாடகைக்கு எடுத்தவரு, பொருள் கைக்கு வராம வாடக எப்படி? பாருங்க, இடைவெளி நிமிஷத்துலருந்து வருஷமா நீண்டா கஸ்டமருக்கு நெசமாவே ஒரு வித்தியாசம் கெடைக்குது.

பாகிஸ்தான்ல இன்னொன்னு. 1980ல போட்ட சட்டப்படி ரமழான் முதல் நாள் சேமிப்புக் கணக்குலருந்து ரெண்டரை சதவீதம் ஜகாத்த, அதாவது ஏழைங்களுக்குக் குடுக்க வேண்டிய கட்டாய தர்மத்த, பேங்கே பிடிச்சுக்கும். அப்பவே ஷியாக்கள் இஸ்லாமாபாத்துல பெரிய போராட்டம் பண்ணி, எங்க சட்டம் வேறன்னு எழுதிக் குடுத்தா விலக்குன்னு வாங்குனாங்க. மத்தவங்க என்ன பண்றாங்கன்னா ரமழானுக்கு மொத நாள் பணத்த எடுத்துட்டு பத்து நாள் கழிச்சு திரும்பப் போடுறாங்க. நெறைய பேரு ஜகாத் குடுக்காம இல்ல, சொந்தக்கார ஏழைக்கு தன் கையால குடுக்கணும்னு நினைக்கிறாங்க, அரசாங்கத்த நம்பல, அவ்ளோதான்.

சவூதி ஒரு விசித்திரம். 1957லயே அவங்க மத்திய வங்கி சாசனத்துல வட்டி கூடாதுன்னு இருந்துச்சு. ஆனா ரொம்ப காலத்துக்கு "இஸ்லாமிய வங்கி"ன்னு ஒரு வகையவே சட்டத்துல வைக்கல, ஏன்னா ஒன்ன இஸ்லாமியம்னு சொன்னா மத்தது என்னன்னு கேள்வி வரும்ல. பேங்க் கணக்கறிக்கைல வட்டிங்கற வார்த்தைக்குப் பதில் "சிறப்பு கமிஷன்"னு போடுவாங்க. அங்க நெஜமான லாபம் எங்கன்னா, லட்சக்கணக்கான ஆளுங்க வட்டி வேணாம்னு நடப்புக் கணக்குலயே பணத்த போட்டு வச்சுட்டாங்க, ஓசிப் பணம், அத பேங்க் கடனுக்கு விடும். பணம் மாத்துற கடையா ஆரம்பிச்ச அல் ராஜ்ஹி இவ்ளோ பெருசா வளந்ததுல அந்த ஓசிப் பணத்துக்கு நல்ல பங்கு உண்டு. நான் வட்டி வாங்க மாட்டேன்னு பக்தியா இருக்குற ஆளால யாருக்கு ஆதாயம்னு யோசிச்சா ஒரு மாதிரியாத்தான் இருக்கு.

துருக்கில "இஸ்லாமிய"ங்கற சொல்ல போர்டுல எழுதறதில்ல, மதச்சார்பற்ற அரசு. 1983ல ஒரு ஆணை மூலமா "சிறப்பு நிதி நிறுவனம்"னு விட்டாங்க, 2005ல சட்டத்துல "பங்கேற்பு வங்கி"ன்னு பேரு வந்துச்சு. அங்க 2001 பிப்ரவரில இஹ்லாஸ் ஃபைனான்ஸ்னு ஒன்னு மூடிக்கிச்சு, டெபாசிட் போட்டவங்களுக்கு காப்பீடு கெடையாது, ஏன்னா லாப-நஷ்டத்துல பங்குன்னுதானே கையெழுத்து போட்டிருக்கீங்க, அப்போ நஷ்டத்துலயும் பங்கு. சட்டப்படி சரி. பணத்த விட்டவங்ககிட்ட போய் சட்டம் பேசிப் பாருங்க. ஆனா அந்த மண்ணுல இந்தச் சண்ட பழசு, 16ஆம் நூற்றாண்டுலயே ரொக்கப் பணத்த வக்ஃபு பண்ணி, அதாவது அறத்துக்குன்னு எழுதி வச்சு, அத கடனுக்கு விட்டு வர்ற வரும்படில பள்ளிவாசல் நடத்துனாங்க, உஸ்மானிய அரசோட தலைம முஃப்தி அபுஸ்ஸுஊத் கூடும்னாரு, பிர்கிவீன்னு ஒரு அறிஞர் இது அப்பட்டமான வட்டின்னு எழுதுனாரு. ரெண்டு பேருமே பெரிய ஆலிம்கள்தான்.

எகிப்துல 2002ல இஸ்லாமியக் கல்விக்குப் பேர்போன அல்-அஸ்ஹரோட ஆய்வு சபையே, முன்கூட்டி நிர்ணயிச்ச பேங்க் வருமானம் கூடும்னு ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு) குடுத்துருச்சு. ஊரு உலகம் மதிக்கிற இடம். மத்த நாட்டு அறிஞர்கள் கடுமையா மறுத்தாங்க. அதனால "இஸ்லாம்ல பேங்க் வட்டி ஹராம்"னு ஒரே குரல்ல எல்லாரும் சொல்றாங்கன்னு நினைக்காதீங்க, பெரும்பான்மை அப்படித்தான், ஆனா மாத்துக் கருத்து தெருவுல போற ஆள் சொன்னது இல்ல.

சூடான் 1980கள்ல முழுசா மாறி, விதைக்கற நேரத்துலயே விவசாயிக்கு பணத்த குடுத்து அறுவடைல சோளமா வாங்கிக்கற ஸலம் ஒப்பந்தத்த பெரிய அளவுல பண்ணுச்சு, வெல ரொம்ப ஏறிப் போனா விவசாயியோட நஷ்டத்துல ஒரு பகுதிய பேங்க் ஈடு கட்டுற ஷரத்தோட. எனக்கென்னவோ மொத்தத் தொழில்லயும் மண்வாசன அடிக்கிற ஒப்பந்தம் அதுதான்னு தோணும். 2020ல அவங்களும் சாதா பேங்கும் இருக்கலாம்னு இறங்கி வந்துட்டாங்க. நேர்மாறா, இந்தோனேசியாவுல ஆச்சே மாகாணம் சட்டம் போட்டு சாதா பேங்க எல்லாம் வெளிய அனுப்புச்சு, 2023 மே மாசம் பெரிய ஷரீஆ பேங்கோட கம்ப்யூட்டர் சிஸ்டம் நாள் கணக்குல படுத்துக்கவும் ஊரே காசெடுக்க வழியில்லாம நின்னுச்சு, அப்புறம் சட்டத்த திருத்தலாமான்னு பேச்சு வந்துச்சு.

மலேசியாவத்தான் எல்லாரும் மாடலா காட்டுவாங்க, காரணம் இருக்கு. 1983ல சட்டமும் பேங்க் இஸ்லாமும், 1984ல காப்பீட்டுக்கு தகாஃபுல் சட்டம், 1993ல சாதா பேங்க்லயே வட்டியில்லா கவுண்ட்டர், 1997ல மத்திய வங்கிக்குள்ளயே ஷரீஆ கவுன்சில். பேங்குக்கு ஒரு முஃப்தின்னு ஆளாளுக்கு ஃபத்வா குடுக்காம மேல ஒரே கவுன்சில். ஆனா அங்கயும் அடி பட்டுத்தான் கத்துக்கிட்டாங்க. 2000கள்ல கோர்ட்டுக்கு வந்த ஒரு வீட்டுக் கேஸ் சொல்றேன். பேங்க் வாங்குன வெல சுமார் 3 லட்சத்து 94 ஆயிரம் ரிங்கிட், 25 வருஷத்துக்கு விற்பன வெல 9 லட்சத்து 92 ஆயிரம். கஸ்டமர் 33 ஆயிரத்துச் சொச்சம் கட்டிட்டு முடியாமப் போச்சு. பேங்க் கேட்டது 9 லட்சத்து 58 ஆயிரம்! ஏன்னா வித்தாச்சுல்ல, வெலன்னா முழு வெல, இன்னும் இருபது வருஷத்துக்கு வர வேண்டிய லாபமும் இப்பவே குடுங்கறாங்க. சாதா வட்டி பேங்க்ல இதே ஆளு மாட்டியிருந்தா அசலும் அது வரைக்குமான வட்டியும்தான் கட்டியிருப்பாரு. வட்டிக்குப் பயந்து வந்தவன் தலைல வட்டிய விட பெரிய பாறாங்கல். நீதிபதி அப்துல் வஹாப் பதைல் அனுபவிக்காத காலத்துக்கு லாபம் கேக்க முடியாதுன்னாரு, 2008ல இன்னொரு தொகுதி கேஸுகள்ல இது விற்பனையே இல்ல, கடன்தான்னும் சொன்னாரு. 2009ல மேல்முறையீட்டு கோர்ட் அதத் தள்ளிருச்சு, ஒப்பந்தம் செல்லும்னு. கடைசில மத்திய வங்கிதான், முன்னாடியே கணக்க முடிச்சா மிச்ச லாபத்த தள்ளுபடி பண்ணணும், அத ஒப்பந்தத்துலயே எழுதணும்னு கட்டாயமாக்குச்சு. இப்ரான்னு அதுக்குப் பேரு. இந்த வார்த்தய ஞாபகம் வச்சுக்குங்க, உங்க காருக்கு உதவும்.

பெரிய பணம் புரள்ற இடம் சுகூக், அதாவது கடன் பத்திரத்துக்குப் பதில் ஒரு சொத்துல பங்கு, அதோட வாடக உங்களுக்கு. 2002ல மலேசியா அரசு ஆஸ்பத்திரி, அரசு குடியிருப்பு மாதிரி கட்டடங்கள வச்சு 60 கோடி டாலருக்கு வெளியிட்டதுதான் ஒரு நாடு உலகச் சந்தைல விட்ட முதல் சுகூக். 2007 கடைசில தகி உஸ்மானி, சந்தைல இருக்குற சுகூக்ல பெரும்பாலானது ஷரீஆவுக்கு ஒத்து வராதுன்னு போட்டு ஒடைச்சாரு, ஏன்னா நஷ்டம் வந்தாலும் அசல் வெலைக்கே திருப்பி வாங்கிக்கிறேன்னு உறுதி குடுத்துருக்காங்க, அப்போ எங்க இருக்கு ரிஸ்க்?

இதோட உச்சக்கட்டம் 2017ல. ஷார்ஜாவுல தானா காஸ்னு ஒரு எரிவாயு கம்பெனி, 70 கோடி டாலர் சுகூக் கட்ட வேண்டிய வருஷம், திடீர்னு "நாங்க வெளியிட்ட சுகூக் ஷரீஆவுக்கு முரணானதுன்னு எங்க வக்கீல் சொல்றாரு, அதனால சட்டவிரோதம், அதனால இப்ப கட்ட முடியாது"ன்னு அறிக்க விட்டாங்க. வாங்கறப்ப ஹலால், குடுக்கறப்ப ஹராம்! முதலீட்டுக்காரங்களுக்கு மூச்சே நின்னுபோச்சு. லண்டன் கோர்ட் அந்த வருஷக் கடைசில, திருப்பி வாங்குறதா நீங்க குடுத்த உறுதி இங்கிலாந்து சட்டப்படி செல்லும்னு சொல்லிருச்சு, 2018ல சமரசமா பேசி முடிச்சாங்க. இதுக்கு நடுவுல அமீரகமும் மலேசியா மாதிரி மத்திய வங்கில உச்ச ஷரீஆ ஆணையம் ஒன்ன அமைச்சுருச்சு, இஸ்லாமிய வங்கிகளுக்கு விதி எழுதுற, பஹ்ரைன்ல இருக்குற ஆயோஃபி அமைப்போட தரநிலைகளையும் 2018ல கட்டாயமாக்குச்சு.

அப்போ பேர மாத்தி வட்டியான்னா, என் கணக்கு என்னன்னா, பொருள் பேங்க் கையில எவ்ளோ நேரம் நெசமா இருந்துச்சோ அவ்ளோ தூரம் அது வியாபாரம். ஸ்க்ரீன்ல ஓடுற பாமாயில் ஒரு ஓரம், அஞ்சு வருஷம் பேங்க் பேர்லயே இருந்து அதோட காப்பீட்டயும் பேங்க் பாத்துக்குற வாடகக் கார் இன்னொரு ஓரம், மத்ததெல்லாம் நடுவுல. இத நம்ம ஊர் ஒத்தி வீட்டோட வச்சுப் பாத்தா புரியும், அஞ்சு லட்சம் குடுத்துட்டு வாடக இல்லாம குடியிருந்து போறப்ப அஞ்சு லட்சத்த வாங்கிக்கறது. வட்டிங்கற பேச்சே கெடையாது அதுல, ஆனா நெறைய ஆலிம்கள் அது வட்டிதான்பாங்க, கடன் குடுத்ததுக்கு வீட்ட அனுபவிக்கறீங்கன்னு. பேர் நல்லா இருக்கறதுனால ஹலால் ஆகறதும் இல்ல, பேங்க்னு பேர் இருக்கறதுனால ஹராம் ஆகறதும் இல்ல. இந்தியாவுல இந்த வகை பேங்க் கெடையாது, 2008ல ரகுராம் ராஜன் கமிட்டி வட்டியில்லா வங்கியப் பரிசீலிக்கச் சொன்னாங்க, 2017ல ரிசர்வ் பேங்க் வேணாம்னு முடிச்சுக்கிச்சு. இலங்கைல 2011லருந்து அமானா பேங்க் ஓடுது.

இப்ப உங்க காரு. முஸ்லிம் இல்லாதவங்க தாராளமா எடுக்கலாம், மலேசியால சீனக் கஸ்டமருங்க நெறைய பேரு, எங்க பேங்க்லயும் மலையாளி, பிலிப்பினோன்னு எல்லாரும் வருவாங்க, யாரும் மதம் கேக்க மாட்டாங்க, சம்பள சர்ட்டிஃபிகேட்தான் கேப்பாங்க. மலிவா இருக்கும்னு நெனச்சுப் போகாதீங்க, லாப விகிதத்த பக்கத்து பேங்க் வட்டியப் பாத்துத்தான் வைக்கறாங்க. மேல சொன்ன 60,000க்கு 12,000ங்கறத "வருஷம் 4 சதவீதம்தான் சார்"னு சொல்லுவாங்க, ஆனா மாசா மாசம் அசல் கொறையறத கணக்குல எடுத்தா அது 7.4 சதவீதம் கிட்ட வரும், சாதா பேங்க்காரன் கொறையற அசல் மேல 7 சொன்னா அவன்தான் மலிவு. அதனால சதவீதத்த விட்டுட்டு மொத்தம் எத்தன திர்ஹம்னு ரெண்டு எடத்துலயும் கேளுங்க. ஒரு நல்லது, முராபஹாவுல கையெழுத்து போட்ட பெறகு அந்த 72,000 ஒரு திர்ஹம் ஏறாது, ஊர்ல வட்டி விகிதம் எங்க போனாலும் சரி. ட்யூ லேட்டானா அபராதம் உண்டு, ஆனா அது பேங்க் வருமானத்துல சேராம தர்மத்துக்குப் போகணும், உங்க பாக்கெட்டுலருந்து போறது என்னவோ போறதுதான், ஆனா வட்டிக்கு வட்டி குட்டி போடாது.

ரெண்டு வருஷத்துல ஊர் திரும்பலாம்னு ஐடியா இருந்தா முன்கூட்டி கட்டுனா எவ்ளோ தள்ளுபடின்னு கேளுங்க, "அதெல்லாம் பண்ணிடுவோம் சார்"னு வாய்ல சொன்னா விடாதீங்க, பேப்பர்ல எந்தப் பக்கத்துல இருக்குன்னு விரல வச்சுக் காட்டச் சொல்லுங்க. அப்புறம் சேல்ஸ் பையன் எல்லாப் பேப்பரையும் ஒன்னா நீட்டி மடமடன்னு கையெழுத்து கேட்டான்னா, "ஷோரூம்கிட்ட வாங்கியாச்சா தம்பி?"ன்னு ஒரு வார்த்த கேட்டுப் பாருங்க. மூஞ்சி மாறுறதப் பாக்கலாம்.